திருமலை நிருபர்

என் அலுவலக இரும்பு அலுமாரியில் ஒரு கோவை இருக்கிறது. மனு, சத்தியக் கடதாசி, தவணைக் குறிப்புகள், கட்டளையின் பிரதி, அவற்றோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு பத்திரிகைத் துண்டு. செய்தி நான்கு பந்தி. தலைப்பின் கீழே அடைப்புக்குறிக்குள் இரண்டே சொல்: திருமலை நிருபர்.

ஓர்ஸ் ஹில்லில் வீட்டையும் அலுவலகத்தையும் ஒன்றாக வைத்திருப்பவன் நான். யன்னலைத் திறந்தால் வேப்பமரத்துக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவே உட்துறைமுகம் ஒரு முழம் தெரியும். மேடு ஏறி வரும் வழக்காளிகள் முதலில் மூச்சு வாங்குவார்கள், பிறகுதான் கதை சொல்வார்கள். 2007இல் ஒரு நாள் வந்த அந்தத் தாய் மூச்சு வாங்கவும் இல்லை. மூதூரிலிருந்து லோஞ்சில் வந்து, துறையிலிருந்து நடந்தே ஏறியிருந்தார். மடியிலிருந்து பொலித்தீன் பையை எடுத்து, அதற்குள்ளிருந்த துண்டை மேசையில் வைத்தார்.

"என்ட மகன இதில போட்டிருக்கு ஐயா."

போட்டுத்தான் இருந்தது. நாள், நேரம், எந்தச் சோதனைச் சாவடி, பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட இளைஞர்கள் நான்கு பேர், மாலையில் விடப்பட்டவர்கள் இரண்டு பேர், மற்ற இருவரின் வயது. ஒருவருக்குப் பச்சைக் கோடு போட்ட சேட். மகன் கிளம்பும்போது அந்தச் சேட்டைத் தான்தான் அயன் பண்ணிக் கொடுத்ததாகத் தாய் சொன்னார்.

ஆட்கொணர்வு மனு போட்டோம். அந்த வகை வழக்கில் எதிர்த்தரப்பின் பதில் எப்போதும் ஒரு வரிதான்: நாங்கள் பிடிக்கவில்லை, எங்களிடம் இல்லை. பிடித்தார்கள் என்று காட்ட வேண்டிய பாரம் மனுதாரர் தலையில். பஸ் சாரதிக்கு ஒன்றும் நினைவில்லை. நடத்துனருக்கு அந்த நாளே நினைவில்லை. விடப்பட்ட இரண்டு பேரும் ஊரில் இல்லை. மிஞ்சியது இந்தத் துண்டு. சான்றாக அடையாளமிடும்படி நீட்டினேன். அரச சட்டத்தரணி எழுந்தார். கெட்டிக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். "கனம் நீதிபதி அவர்களே, இது செவிவழிச் சாட்சியம். எழுதியவரை எனது நண்பர் கூண்டுக்கு அழைக்கட்டும்" என்றார். நீதிபதி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல முடியும்? 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டம், பிரிவு 60. கண்டதைக் கண்டவர் வந்து சொல்ல வேண்டும், கேட்டதைக் கேட்டவர் வந்து சொல்ல வேண்டும். பத்திரிகை எதையும் காண்பதில்லை. துண்டு என் கைக்கே திரும்பி வந்தது.

நிருபரைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. திருமலை சின்ன ஊர். அடைப்புக்குறிக்குள் யார் ஒளிந்திருக்கிறார் என்பது வாசகர்களுக்குத் தெரியாவிட்டாலும் தேநீர்க் கடைக்குத் தெரியும். ஆள் அனுப்பினேன். இரவு எட்டு மணிக்குப் பிறகு, பின்பக்க ஒழுங்கையால் வந்தார். உட்காரவில்லை.

"லைட்ட நூருங்கோ சேர்."

நூர்த்தேன். இருட்டில் அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு உடம்பு சில்லிட்டது. அவர் யாரிடமும் கேட்டு எழுதவில்லை. அந்த பஸ்ஸிலேயே இருந்திருக்கிறார், மூன்று ஆசனம் பின்னால். ஒரு சட்டத்தரணி தவம் கிடந்தாலும் கிடைக்காத நேரடிச் சாட்சி என் முன்விறாந்தையில் நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப வந்து சொல்லலாமே, தம்பி?"

"எழுதக்குள்ள நான் திருமலை நிருபர், சேர். கூண்டில ஏறினா பேர், வயசு, விலாசம் எல்லாம் கேப்பாங்க. அங்க அவங்களும்தானே இருப்பாங்க."

இதற்கு மேல் அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வருடங்களில் திருகோணமலையில் இருந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் கூடியிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்து அவர்களே இறந்தார்கள் என்பது முதலில் சொல்லப்பட்ட கதை. சுடர் ஒளி பத்திரிகையின் திருமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிண அறைக்குப் போய்ப் படம் எடுத்தார். தலைகளில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். படங்கள் வெளிவந்ததும் கைக்குண்டுக் கதை நிற்கவில்லை. அதே மாதம் 24ஆம் திகதி காலையில், வேலைக்குப் போக வாகனத்துக்காக வீதியோரம் நின்ற சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். இடைவெளி 22 நாட்கள். கொன்றவர் என்று இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

சட்டம் படித்தவனுக்கு இதில் இன்னொரு உறுத்தல் உண்டு. இறந்தவர் விட்டுச் சென்ற கூற்றை ஏற்க எங்கள் சட்டத்தில் 32ஆம் பிரிவு இருக்கிறது. இந்தியச் சட்டத்திலும் அதே இலக்கம்தான் இருந்தது. 1937இல் பூரி ரயில் நிலையத்தில் ஒரு பெட்டிக்குள் சடலம் கிடந்தது. இறந்தவர் வீட்டைவிட்டுப் புறப்படும் முன் மனைவியிடம் எங்கே போகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை ஏற்கலாம் என்று பிரிவி கவுன்சில் 1939இல் தீர்த்தது. பக்கல நாராயண சுவாமி வழக்கை நாங்கள் எல்லோரும் உருப்போட்டுத்தான் பரீட்சை எழுதினோம். ஆனால் அந்தப் பிரிவின் முதல் உட்பிரிவு, சொன்னவரின் சொந்தச் சாவைப் பற்றிய பேச்சுக்கு மட்டும்தான் காது கொடுக்கும். ஒரு செய்தியாளர் பிறருடைய சாவைப் பற்றி எழுதிவிட்டுத் தானும் செத்துப்போனால், அந்த எழுத்துக்கு அங்கே இடமில்லை. செய்தியாளரைக் கொல்கிறவர்கள் சட்டப் புத்தகம் படித்துவிட்டுச் செய்வதில்லை. ஆனாலும் கணக்கு அவர்களுக்குச் சரியாகவே வந்துவிடுகிறது.

என் நிருபருக்கு அழைப்பாணை எடுக்க எனக்கு வழி இருந்தது. பெயர் தெரியும், வீடு தெரியும். நீதிமன்றம் கட்டளையிட்டால் வந்துதான் ஆக வேண்டும். இரண்டு தவணை யோசித்தேன். மூன்றாம் தவணையில் "மேலதிக சாட்சிகள் இல்லை" என்றேன். மனு தள்ளுபடியானது. தாய் கட்டளையின் பிரதியை வாங்கி, எழுத்துக்கூட்டி ஒரு வரி வாசித்து, மடித்து மடியில் வைத்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஏன் அழைக்கவில்லை என்று அவர் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று பல இரவு ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

என்னைப் போல் தவித்தவர்கள் வேறு இடங்களிலும் இருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. ஜொனதன் ரண்டல், வாஷிங்டன் போஸ்ட்டின் வெளிநாட்டுச் செய்தியாளர், லெபனான் போரையும் குர்தியரையும் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். 1993இல் பொஸ்னியாவின் பன்ஜா லூகாவிலிருந்து அவர் எழுதிய கட்டுரையில் ராடோஸ்லாவ் பர்ட்ஜானின் என்ற சேர்பியத் தலைவர் பேசியதை மேற்கோள் காட்டியிருந்தார். அதே பர்ட்ஜானின் ஹேக் தீர்ப்பாயத்தில் எதிரியாக நின்றபோது வழக்குத் தொடுநர் ரண்டலுக்கு அழைப்பாணை எடுத்தார். அவர் மறுத்தார். இன்று நான் சாட்சி சொன்னால் நாளைக்குப் போர்முனையில் எந்தச் செய்தியாளரிடமும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், சாட்சியென்று நினைத்துச் சுடுவார்கள் என்பது அவர் பக்க வாதம். 2002 டிசம்பர் 11இல் மேன்முறையீட்டு மன்றம் அவர் பக்கம் தீர்த்தது. போர்ச் செய்தியாளரைக் கட்டாயப்படுத்த வேண்டுமானால், அவருடைய சாட்சியம் வழக்கின் மையக் கேள்விக்கு நேரடியாகவும் முக்கியமாகவும் உதவ வேண்டும், அதை வேறு வழியில் பெற முடியாதிருக்க வேண்டும். ரண்டலுக்கு அந்த மொழியும் தெரியாது, இன்னொரு செய்தியாளர்தான் மொழிபெயர்த்துச் சொன்னார் என்பது கொசுறு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கார்டியன் பத்திரிகையின் எட் வலியாமி ஒமர்ஸ்கா முகாமைக் கண்ணால் கண்டவர். அதே தீர்ப்பாயத்தில் தானாகவே போய்ச் சாட்சி சொன்னார், ஒருமுறை அல்ல. கண்டதைச் சொல்லாமல் இருப்பது நடுநிலை அல்ல என்பது அவர் கட்சி. இருவரில் யார் சரி என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். இருவருக்குமே அது தெரிவாக இருந்தது. மறுக்கவும் ஒரு மன்றம், சொல்லவும் ஒரு மன்றம். ஹேக்கில் கூண்டை விட்டு இறங்கினால் வீட்டுக்குப் போகலாம். ரண்டல் தீர்ப்பு வைத்த சோதனையில் என் நிருபர் தேறியிருப்பார், நேரடிச் சாட்சி, மாற்று வழியில்லை. தேறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அந்தத் தீர்ப்பு பேசவில்லை.

இனி மேரி கொல்வின். அவருடைய பெயரை நான் முதலில் கேள்விப்பட்டது ஒரு கண்ணை இழந்தவராக. நியூயோர்க்கில் 1956இல் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, யுனைட்டட் பிரஸ் இன்டர்நஷனல் செய்தி நிறுவனத்தில் இருந்துவிட்டு, 1980களின் நடுவில் லண்டன் சண்டே டைம்ஸுக்குப் போனவர். கடாபியை நேர்கண்டு பெயரெடுத்தார். 1987இல் பெய்ரூட்டின் பூர்ஜ் அல் பரஜ்னே முகாமில், உணவு தேடி வெளியே ஓடும் பெண்கள் குறிபார்த்துச் சுடப்படுவதை உள்ளே இருந்து எழுதினார். 1999 செப்டெம்பரில் கிழக்குத் திமோரின் டிலியில், ஐ.நா. வளாகத்தில் ஒதுங்கியிருந்த ஏறக்குறைய 1,500 பேரை விட்டுவிட்டு மற்றவர்கள் புறப்பட்டபோது போகமாட்டேன் என்று இருந்துவிட்டார். அவரோடு தங்கியவர்களும் பெண் செய்தியாளர்கள்தான். சில நாட்களில் எல்லோரும் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள். அந்த ஆண்டு முடிவில் செச்சினியாவிலிருந்து பனிமலை ஏறி ஜோர்ஜியாவுக்குத் தப்பினார். கொசோவோ, செச்சினியா எழுத்துக்காக 2000இல் சர்வதேசப் பெண்கள் ஊடக நிறுவனத்தின் வீர விருது. பிரித்தானியப் பத்திரிகை விருதுகளில் ஆண்டின் சிறந்த வெளிநாட்டுச் செய்தியாளர் என்ற பட்டம், ஒரு தடவைக்கு மேல்.

2001இல் வன்னிக்கு வந்தார். செய்தியாளர்கள் போகத் தடையிருந்த காலம். காட்டு வழியால் போய், விடுதலைப் புலிகளின் அரசியல்துறைப் பொறுப்பாளர் தமிழ்ச்செல்வனைக் கண்டு பேசி, சனங்களின் நிலையைப் பார்த்து எழுதினார். ஏப்ரல் 16ஆம் திகதி இரவு, கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்து திரும்பும்போது படையினரின் தாக்குதலில் சிக்கினார். செய்தியாளர் என்று கத்தியும் குண்டு வந்தது, சிதறல் பட்டு இடது கண் போனது. அனுமதி இல்லாமல் போனார் என்பது அரச தரப்புக் குறை. அந்தக் கண்ணோடும் தவணைக்குள் 3,000 சொல் எழுதிக் கொடுத்தார் என்பார்கள். அதன்பிறகு வந்த படங்கள் எல்லாவற்றிலும் கறுப்புக் கண்மறைப்பு. சண்டே டைம்ஸ் அவருடைய பெயரையும் அந்தப் படத்தையும் கட்டுரையின் உச்சியில் போட்டது. எங்கள் ஊர்ப் பத்திரிகை, எழுதியவனைக் காப்பாற்றப் பெயரை எடுத்தது. ஒரே தொழில்தான்.

2009 மே 17 இரவு வன்னியிலிருந்து அவருக்கு மறுபடி தொலைபேசி வந்தது. அப்போது அவர் லண்டனில். சரணடைய நினைத்த புலித் தலைவர்கள் நடேசன், புலித்தேவன் இருவரின் செய்தியை ஐ.நா. அதிகாரி விஜய் நம்பியாருக்கு அவர்தான் கொண்டுபோனார். வெள்ளைக் கொடியை உயர்த்திப் பிடித்து வந்தால் போதும் என்ற உறுதிமொழி திரும்பி வந்ததாக எழுதினார். மறுநாள் அவர்கள் உயிரோடு இல்லை. சரணடைந்தவர்களைக் கொல்லவில்லை என்பது அரசின் நிலைப்பாடு.

அந்த வெள்ளைக் கொடி பிறகு கொழும்பு மேல் நீதிமன்றத்துக்கே வந்தது, தலைகீழாக. சண்டே லீடர் 2009 டிசம்பரில் வெளியிட்ட நேர்காணலில் அந்தச் சரணடைதலைப் பற்றி முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா சொன்னதாக வந்த கூற்றுக்காக வழக்கு அவர் மேல். ஆசிரியர் பிரெடெரிகா ஜான்ஸ் கூண்டில் ஏறினார். ஒலிப்பதிவு இல்லை, கைக்குறிப்பு மட்டும். நாள்கணக்காகக் குறுக்கு விசாரணை. 2011 நவம்பர் 18இல் மூன்று நீதிபதிகளில் இருவர் அவருடைய குறிப்பை நம்பி பொன்சேகாவுக்கு மூன்று வருடம் கொடுத்தார்கள், ஒருவர் விடுதலை என்றார். செய்தியாளரின் சாட்சியத்தை நம்பிய நீதிமன்றம் இங்கேயும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். நம்பி என்ன செய்தது? சொன்னார் என்பதற்குத் தண்டித்தது. சொல்லப்பட்டது நடந்ததா என்பது அந்த வழக்கின் கேள்வியே அல்ல.

கொல்வின் 2012 பெப்ரவரி 22 காலையில் சிரியாவின் ஹோம்ஸ் நகரத்தில், பாபா அம்ர் பகுதியில், செய்தியாளர்கள் தங்கியிருந்த வீட்டின் மீது விழுந்த குண்டுவீச்சில் இறந்தார். பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் ரெமி ஒஷ்லிக்கும் இறந்தார். முதல்நாள் இரவுதான் பிபிசி, சனல் 4, சிஎன்என் மூன்றுக்கும் செய்மதித் தொடர்பில் பேசி, பொதுமக்கள் மேல் குண்டு விழுகிறது என்று சொல்லியிருந்தார். 2016இல் அவருடைய சகோதரி கத்லீன் கொல்வினும் குடும்பத்தாரும் வாஷிங்டனில் உள்ள சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்தில் சிரிய அரசுக்கு எதிராக வழக்கிட்டார்கள். நீதிக்கும் பொறுப்புக்கூறலுக்குமான மையம் என்ற அமைப்பின் சட்டத்தரணிகள் நடத்திக் கொடுத்தார்கள்.

2019 ஜனவரி இறுதியில் நீதிபதி ஏமி பேர்மன் ஜாக்சன் தீர்ப்பளித்தார். என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளை அதை அச்செடுத்து வந்து வைத்தாள். ஒரு ஞாயிறு முழுவதும் விறாந்தையில் இருந்து வாசித்தேன்.

ஓர் அரசை இன்னொரு நாட்டு நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது என்பது பழைய விதி. அமெரிக்கச் சட்டம் அதில் ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறது. எதிரி நாடு பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் நாடு என்று அவர்கள் அரசு போட்ட பட்டியலில் இருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் அமெரிக்கராக இருக்க வேண்டும், செயல் சட்டத்துக்குப் புறம்பான கொலை போன்றதாக இருக்க வேண்டும். சிரியா 1979இலேயே அந்தப் பட்டியலில் ஏறியது. இலங்கை ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே கண்ணுக்கு இந்த வழக்கைப் போட்டிருக்கவே முடியாது, உயிருக்குப் போடலாம். சிரிய அரசு மன்றுக்கு வரவில்லை. எங்கள் ஊர் வழக்கில் ஒருதலை விசாரணை என்றால் பாதி நேரம் சடங்குதான். அங்கே அப்படி விடுவதில்லை. எதிரி வராவிட்டாலும் நீதிமன்றம் திருப்திப்படும் அளவுக்குச் சாட்சியம் வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

வைத்தார்கள். சிரியாவுக்குள்ளிருந்து கடத்தி வெளியே கொண்டுவரப்பட்ட அரச ஆவணங்கள். நாட்டின் பெயரை வெளிநாட்டு ஊடகங்களில் கெடுப்பவர்களைத் தேடிப் பிடிக்கச் சொல்லும் 2011 ஒகஸ்ட் அறிவுறுத்தல் அவற்றில் ஒன்று. அரச படையை விட்டு ஓடிவந்த ஒருவர், யூலிசிஸ் என்ற மறைபெயரில். ஒற்றர் சொன்ன தகவலையும் செய்மதி சமிக்ஞையையும் பொருத்தி வீட்டைக் கண்டுபிடித்த விதத்தை அவர் சொன்னார். காயப்பட்டுத் தப்பிய படப்பிடிப்பாளர் போல் கொன்ரோய். அவர் முன்பு பிரித்தானியப் பீரங்கிப் படையில் இருந்தவர். குண்டுகள் ஒன்றுக்கொன்று இடைவெளியைக் குறைத்து இலக்கை நோக்கி நகர்ந்து வந்த விதத்தைக் கேட்டே இது தற்செயல் அல்ல, குறிவைத்த அடி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இப்படி ஒரு சாட்சி எனக்குக் கிடைத்தால் குறுக்கு விசாரணைக்கு நானே நாள் கேட்பேன்.

யூலிசிஸ் என்ற பெயரில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். அவருக்கும் அடைப்புக்குறி கிடைத்தது. நீதிமன்றத்தில்.

அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. முதல்நாள் இரவு கொல்வின் பேசிய ஒலிபரப்புகள் வழக்கில் மையமாக நின்றன. அவர் சொன்னது சரியா பிழையா என்பதை அவற்றைக்கொண்டு நிறுவ வேண்டிய தேவை இல்லை. அவர் சொன்னார், உலகம் கேட்டது, விடிந்ததும் குண்டு விழுந்தது. சொன்னார் என்பதே அங்கே காரியம். இந்த வேறுபாட்டை எனக்குக் கற்பித்தது ஒரு தமிழருடைய வழக்குத்தான். மலாயாவில் துப்பாக்கி ரவைகள் வைத்திருந்ததாகப் பிடிபட்டு மரண தண்டனை பெற்ற சுப்பிரமணியம். ஆயுததாரிகள் தன்னை மிரட்டிய வார்த்தைகளைச் சொல்ல முனைந்தபோது செவிவழி என்று தடுத்தார்கள். 1956இல் பிரிவி கவுன்சில் தண்டனையை நீக்கியது. மிரட்டியவர் சொன்னது உண்மை என்று காட்ட அல்ல, அப்படிச் சொன்னார் என்று காட்டத்தான் இது, செவிவழி ஆகாது என்றது. இரண்டாம் வருடப் பாடம். கனிட்டர்களுக்கு நானே இருபது தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

தீர்ப்பை மடியில் வைத்துவிட்டு எழுந்து போய் அலுமாரியைத் திறந்தேன். 2007 கோவை. எதிர்த்தரப்பின் எழுத்துமூல வாதம், மூன்றாம் பந்தி: பச்சைக் கோட்டுச் சேட், நான்கு பேர், பஸ் என்ற கதையெல்லாம் மனுவுக்காகப் பின்னால் சோடிக்கப்பட்டது. துண்டைப் பார்த்தேன். அதன் தலையில் திகதி. பிடிபட்டதாகச் சொன்ன நாளின் மறுநாள்.

நான் அந்தத் துண்டை உண்மையை நிறுவ நீட்டினேன், தோற்றேன். மறுநாளே இந்தக் கதை ஊரில் இருந்தது, மனுவுக்காகப் பிறக்கவில்லை என்று காட்ட மட்டும் நீட்டியிருக்கலாம். அதற்கு நிருபர் தேவையில்லை. பத்திரிகைக் காரியாலயத்திலிருந்து ஒரு லிகிதர் வந்து, இது எங்கள் பத்திரிகை, இது அந்தத் திகதிப் பிரதி என்று இரண்டு வசனம் சொன்னால் போதும். விறாந்தை லைட்டை நூர்த்திருக்கவே தேவையில்லை. மனு வென்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் பந்தியாவது விழுந்திருக்கும்.

கொல்வின் குடும்பத்துக்கு 30 கோடியே 25 இலட்சம் டொலர் தீர்ப்பானது. அதில் 30 கோடி தண்டனை இழப்பீடு, 25 இலட்சம் சகோதரிக்கு, மேலே 11,836 டொலர் ஈமச் செலவு. பெரிய தொகையை எல்லோரும் எழுதினார்கள். எனக்கு மனதில் நின்றது கடைசித் தொகைதான். யாரோ பற்றுச்சீட்டுகளை எடுத்துவைத்து, கூட்டி, சமர்ப்பித்திருக்கிறார்கள். தொழில் தெரிந்த வேலை. அனுமதியின்றி வந்தார், நடந்ததற்கு அவரே பொறுப்பு என்று 2016இலேயே பஷர் அல் அசாத் ஒரு தொலைக்காட்சிக்குச் சொல்லியிருந்தார். அனுமதி இல்லாமல் போனார் என்பதை நான் 2001இலும் கேட்டிருந்தேன். அசாத் 2024 டிசம்பரில் நாட்டை விட்டு ஓடினார். அதே தாக்குதலுக்காகப் பிரெஞ்சு நீதிபதிகள் அவருக்கும் வேறு ஆறு பேருக்கும் பிடியாணை பிறப்பித்ததாக 2025 செப்டெம்பரில் செய்தி வந்தது.

2019 ஜூலை 3ஆம் திகதி, வாஷிங்டன் தீர்ப்பு வந்து ஐந்தே மாதத்தில், கடற்கரை மாணவர் கொலை வழக்கில் எதிரிகள் 13 பேரையும் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. போதிய சாட்சியம் இல்லை. அந்தக் கோவையை வைத்துக்கொண்டு நீதவான் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால் என்னிடம் உடனடிப் பதில் இல்லை. சாட்சிகள் பலர் நாட்டில் இல்லை, இருந்தவர்களுக்கு வாய் இல்லை. படமெடுத்தவர் 13 வருடங்களுக்கு முன்பே போய்விட்டார். அன்று மாலை மேடு ஏறி வீட்டுக்கு வரும்போது எனக்கே மூச்சு வாங்கியது.

அதன்பிறகு ஒருநாள் அந்தத் தாய் மறுபடி வந்தார். காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுக்க விண்ணப்பம் நிரப்ப வேண்டும். அந்த அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. சாட்சியச் சட்டமும் 14, ஒளி ஒலிப் பதிவுகளை ஏற்கும் 1995ஆம் ஆண்டுச் சட்டமும் 14. எங்கள் சட்டவாக்கத்துக்கு அந்த இலக்கத்தில் என்ன பிரியமோ. இந்தக் கடைசிப் பதினான்கில் ஒரு நல்ல பிரிவு: சாட்சியச் சட்டம் என்ன சொன்னாலும் எந்தக் கூற்றையும் எந்தப் பொருளையும் அலுவலகம் ஏற்றுக்கொள்ளலாம். நானும் கூடவே போனேன். போக வேண்டிய அவசியம் இல்லை, இருந்தாலும் போனேன்.

மேசையில் இருந்த இளைஞர் துண்டை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். ஆட்சேபிக்க அங்கே யாரும் எழுந்து நிற்கவில்லை. அதுவே எனக்குப் புதினமாக இருந்தது. ஆவண எண் போட்டு, படிவத்தில் ஒரு கட்டத்தில் பேனையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தகவல் தந்தவர்ட பேர் என்ன சேர்?"

தாய் என்னைப் பார்த்தார். பெயர் எனக்குத் தெரியும். அவர் இப்போது எந்த நாட்டில், எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதும் தெரியும்.

"திருமலை நிருபர் எண்டே போடுங்கோ, தம்பி" என்றேன்.